மூன்று எழுத்துச் சட்டை

கடையில் தொங்குகிற ஒரு சட்டையைக் காசு கொடுத்தவர் யாரானாலும் வாங்கி உடுத்திக் கொள்ளலாம். கேட்பார் யார்? உலகத்தில் உள்ள சட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நியாயம் செல்லும். அமெரிக்காவில் ஒரு வகைச் சட்டைக்கு மட்டும் செல்லாது. பார்வைக்கு அது சாதாரணப் பனியன்தான். மார்பில் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துக்கள் பொறித்திருக்கும், அவ்வளவே. உரிமை இல்லாத ஒரு பெண் அதை மாட்டிக் கொண்டு கடைவீதிக்குப் போனால், முன்பின் தெரியாத ஒரு மாது அவளை நிறுத்தி, "நீ எந்தக் கிளையில் சேர்ந்தாய்? எந்த வருஷம்?" என்று கேட்டாலும் கேட்பாள். பதில் தெரியாவிட்டால் தலை குனிய வேண்டியதுதான்.

பெரியவர்கள் விஷயம் இப்படி இருக்க, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அதே சட்டையைப் போட்டுக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றால் என்ன செய்வது? கழற்றச் சொல்வதா, கண்டும் காணாதது போல் இருப்பதா? அமெரிக்கப் பள்ளிகளில் ஆசிரியைகளுக்கு இது ஒரு சங்கடமான கேள்வி. ஒரு பனியனுக்கு இத்தனை அமர்க்களமா என்று நமக்குத் தோன்றும். அந்த எழுத்துக்களின் பூர்வ கதை தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பாட்ஜை மறுத்த பெண்

கிரேக்க எழுத்தில் பெயர் வைத்துக் கொள்ளும் பழக்கம் அமெரிக்கா எவ்வளவு பழசோ அவ்வளவு பழசு. சுதந்திரப் பிரகடனம் செய்த அதே 1776-ம் வருஷம் டிசம்பரில், வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் 'பை பீட்டா கப்பா' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு கல்லூரிக்குக் கல்லூரி இத்தகைய சங்கங்கள் முளைத்தன. எல்லாம் ஆண்களுக்கு. ரகசியக் கூட்டம், ரகசியப் பிரமாணம், கோட்டில் குத்திக் கொள்ள ஒரு பாட்ஜ். கிரேக்க தேசத்துக்கும் இவற்றுக்கும் எழுத்தைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

இந்தியானா மாகாணத்தில் உள்ள ஆஸ்பரி கல்லூரி 1867-ல் பெண்களையும் சேர்த்துக் கொள்ள ஆரம்பித்தது. அங்கே படித்தவள் பெட்டி லாக் என்ற பேராசிரியர் மகள். மாணவர் சங்கம் ஒன்று தன் பாட்ஜை அவளுக்கு அணிவிக்க விரும்பியது. "அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்வீர்களா?" என்று கேட்டாள். அதற்கு அவர்கள் தயாராக இல்லை. "அப்படியானால் பாட்ஜும் வேண்டாம்" என்று சொல்லி விட்டாள். மாணவர்கள் சமாதானமாக ஒரு வெள்ளிக் கூடையைப் பரிசு கொடுத்தார்களாம்! பெட்டி லாக் கூடையோடு திருப்தி அடைகிறவள் அல்ல. 1870-ம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி மூன்று தோழிகளைச் சேர்த்துக் கொண்டு 'கப்பா ஆல்பா தீட்டா' என்று தானே ஒரு சங்கம் தொடங்கினாள். கிரேக்க எழுத்துப் பெயரில் பெண்களுக்கென்று பிறந்த முதல் சங்கம் அது.

அங்கத்தினர் அல்லாதவர் அடையாளத்தை அணியக் கூடாது என்ற கண்டிப்பு அந்த முதல் பெண்ணின் பதிலிலேயே இருந்ததைக் கவனியுங்கள்.

'சொராரிட்டி' என்ற சொல் அதற்குப் பிறகு வந்தது. பெண்கள் சங்கத்தை ஆண்களின் சங்கத்தைப் போல் 'பிரட்டர்னிட்டி', அதாவது சகோதரர் கூட்டம், என்று அழைப்பது சரியில்லை என்று சைரக்யூஸ் சர்வகலாசாலையின் லத்தீன் பேராசிரியர் ஒருவருக்குப் பட்டது. லத்தீனில் சகோதரிக்கு 'சொரோர்' என்று பெயர். அதிலிருந்து 1882-ல் இந்தச் சொல்லை உண்டாக்கிக் கொடுத்தார்.

ஹோவர்டில் பிறந்த இருபது முத்துக்கள்

வெள்ளைக்கார மாணவிகளின் சங்கங்களில் கறுப்பினப் பெண்களுக்கு இடமில்லை. எழுதப்பட்ட விதியாகச் சில இடங்களில், எழுதப்படாத விதியாகப் பல இடங்களில் இந்தத் தடை இருந்தது. பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2013-ம் ஆண்டு செப்டம்பரில் அலபாமா சர்வகலாசாலையின் மாணவர் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. நல்ல மார்க்கும் நல்ல பெயரும் உள்ள கறுப்பின மாணவி ஒருத்தியைச் சேர்த்துக் கொள்ள மாணவிகள் விரும்பியும், பழைய மாணவிகளான பெரிய மனுஷிகள் தடுத்து விட்டார்கள் என்பது செய்தி. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகுதான் கதவு திறந்தது.

வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்களின் உயர் கல்விக்கென 1867-ல் ஏற்பட்டது ஹோவர்டு சர்வகலாசாலை. அங்கே எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி, பிரௌன் சர்வகலாசாலையில் படித்து வந்த ஆசிரியை ஒருவரிடம் அங்குள்ள மாணவிகள் சங்கங்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்து கொண்டாள். நமக்கும் ஒன்று ஏன் இருக்கக் கூடாது என்று தோழிகளைக் கூட்டினாள். 1908-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி 'ஆல்பா கப்பா ஆல்பா' பிறந்தது. கறுப்பினப் பெண்கள் ஏற்படுத்திய முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் இதுவே. ஒன்பது பேர் தொடங்கி, பிறகு ஏழு பேர், பிறகு நான்கு பேர் என இருபது பேரைச் சங்கத்தார் தங்கள் மூல மாதாக்களாகக் கொண்டாடுகிறார்கள். இருபது முத்துக்கள் பதித்த பாட்ஜ் அவர்கள் ஞாபகார்த்தம். ரோஜாச் சிவப்பும் பச்சையும் சங்கத்தின் நிறங்கள்.

அடிமைத்தளை அறுந்து அப்போது நாற்பத்து மூன்று வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாட்டி எழுத்தறிவு பெறுவதே தென் மாகாணங்கள் பலவற்றில் சட்டப்படி குற்றமாக இருந்தது. பேத்தி கல்லூரியில் கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்துக் கொண்டாள். அந்த மூன்று எழுத்து மார்பில் ஏறுவது அவளுக்கு என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஐந்து வருஷத்துக்குள் வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. சங்கத்தில் இருந்த 22 மாணவிகள் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்றிப் பொதுக் காரியங்களில் இறங்க வேண்டும் என்றார்கள். நெல்லி குவாண்டர் என்ற பழைய தலைவி, "பிரமாணம் எடுத்துக் கொண்ட பெயரை மாற்றுவதாவது!" என்று எதிர்த்து நின்றாள். முடிவில் 22 பேரும் பிரிந்து, 1913-ம் வருஷம் ஜனவரி 13-ல் 'டெல்டா சிக்மா தீட்டா' என்ற புதுச் சங்கம் கண்டார்கள். குவாண்டர் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் 29-ந் தேதி பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து, இனி யாரும் பெயரில் கை வைக்க முடியாதபடி செய்து விட்டாள். மூன்று எழுத்துக்காக உயிர்த் தோழிகள் பிரிந்தார்கள் என்றால் வேடிக்கைதான். ஆனால் பிரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த மார்ச் 3-ந் தேதி, உட்ரோ வில்ஸன் ஜனாதிபதிப் பதவி ஏற்பதற்கு முதல் நாள், வாஷிங்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கோரி மாபெரும் ஊர்வலம் நடந்தது. சுமார் ஐயாயிரம் பேர் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கலந்து கொண்டால் தென் மாகாணத்து வெள்ளைக்காரிகள் வரமாட்டார்கள் என்று நடத்தியவர்கள் தயங்கினார்கள். இரண்டு மாதம்கூட நிறையாத டெல்டா சங்கத்து மாணவிகள் தங்கள் கொடியோடு போய் நின்றார்கள். அன்று தெருவோரத்துக் கும்பல் ஊர்வலத்தில் புகுந்து பெண்களைத் தள்ளியும் ஏசியும் கலாட்டா செய்தது. குதிரைப் பட்டாளம் வந்துதான் வழி உண்டாக்கியது. அந்த மாணவிகள் கடைசி வரை நடந்தார்கள்.

அதே ஹோவர்டில் 1920-ல் ஐந்து மாணவிகள் 'ஜீட்டா பை பீட்டா'வைத் தொடங்கினார்கள். 1922 நவம்பரில், கூ க்ளக்ஸ் கிளான் கூட்டத்தாரின் செல்வாக்கு ஓங்கியிருந்த இந்தியானாபொலிஸ் நகரில், ஏழு பள்ளி ஆசிரியைகள் 'சிக்மா காமா ரோ'வை ஏற்படுத்தினார்கள். ஏழு பேரும் ஆசிரியைகள் என்பதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஆண்கள் சங்கங்கள் ஐந்தையும் பெண்கள் சங்கங்கள் நான்கையும் சேர்த்து 'தெய்வீக ஒன்பது' என்று இன்று செல்லமாக அழைக்கிறார்கள்.

பருத்திக் காட்டில் வைத்தியம்

கல்லூரியை விட்டதும் சங்கமும் முடிந்தது என்பது இவர்களிடம் கிடையாது. வெள்ளைக்கார மாணவிகள் பலருக்கு அது நாலு வருஷத்து சிநேகம். இவர்களுக்கு ஆயுள் சந்தா. பட்டதாரிகளுக்கென்று தனிக் கிளைகள் ஊர்தோறும் இருக்கின்றன. ஒருவரை ஒருவர் 'சொரோர்' என்றே அழைத்துக் கொள்கிறார்கள்.

1935-ம் வருஷக் கோடையில் நடந்த சம்பவம் ஒன்று போதும். டாக்டர் டோரதி பெரிபீ என்ற வாஷிங்டன் லேடி டாக்டர் தலைமையில் ஆல்பா கப்பா ஆல்பா பெண்கள் சிலர் தங்கள் சொந்தக் கார்களில் புறப்பட்டு மிஸிஸிப்பிக்குப் போனார்கள். வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு அம்மை ஊசியும் தொண்டை அடைப்பான் ஊசியும் போடுவதற்கு. பருத்தித் தோட்டத்து முதலாளிகள் தங்கள் ஆட்களை வைத்தியசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். படித்த கறுப்புப் பெண்கள் வந்து கூலிக்காரர்களின் புத்தியைக் கெடுத்து விடுவார்கள் என்ற பயம். பெரிபீ அம்மாள் யோசித்தார். ஜனங்கள் வைத்தியசாலைக்கு வரக் கூடாது என்றால், வைத்தியசாலை ஜனங்களிடம் போகட்டும்! மருந்துகளைக் கார்களில் ஏற்றிக் கொண்டு பருத்திக் காட்டுக்கே போய் ஊசி போட்டார்கள். 1942 வரை கோடைதோறும் இது நடந்தது.

விண்வெளிப் பயணத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த காதரின் ஜான்ஸன் ஆல்பா கப்பா ஆல்பா. 1968-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணான ஷிர்லி சிஷம் டெல்டா. ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் கறுப்பின நட்சத்திரம் ஹாட்டி மக்டானியல் சிக்மா காமா ரோ. இப்படிப்பட்டவர்கள் அணிந்த எழுத்தை, பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒருவர் வாங்கி மாட்டிக் கொண்டால் அங்கத்தினருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பட்டாளத்துக்காரர் வாங்கிய மெடலை வேறொருவன் குத்திக் கொண்டு திரிந்தால் நாம் சும்மா இருப்போமா?

எழுத்தை அணிவதற்கு விதிகள் ஏராளம். பிரமாணம் எடுக்கும் நாள் வரையில் அதைத் தொடக் கூடாது. அந்தச் சட்டையோடு மதுக்கடைக்குப் போகக் கூடாது என்று பல சங்கங்களில் கண்டிப்பு. எழுத்துக்களை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்து, அனுமதி பெற்ற வியாபாரிகள்தான் விற்கலாம் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு இருண்ட பக்கமும் உண்டு; அதை மறைப்பது நியாயமாகாது. 'எழுத்தைச் சம்பாதிக்க வேண்டும்' என்ற பெயரால் புதிதாகச் சேருகிறவர்களை வாட்டி வதைக்கும் வழக்கம் வளர்ந்தது. உயிர்ச் சேதமே நேர்ந்த பிறகு, 1990-ல் இந்தச் சங்கங்கள் பழைய பரீட்சை முறையையே ரத்து செய்தன. ரத்தான பிறகும் அங்கங்கே மறைவில் அது தொடர்ந்து, வழக்குகள் நடந்தன.

'கீச்சிடுகிறார்கள்' என்றவர்

இந்தச் சங்கங்களைப் பற்றி வெளியார் எவ்வளவு அறியாதவர்கள் என்பதற்கு, நம்மவர்களுக்கும் சம்பந்தமுள்ள ஓர் உதாரணம் இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி. வி. கோபாலனின் பேத்தி, சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தவர். 1986-ல் ஆல்பா கப்பா ஆல்பாவில் சேர்ந்தார்.

2019 ஜனவரியில் தென் கரோலினாவில் அந்தச் சங்கத்தார் நடத்திய விருந்துக்கு அவர் வந்தார். கமலாவைப் பார்த்ததும் அங்கிருந்த பெண்கள் 'ஸ்கீ-வீ' என்று உரக்கக் குரல் கொடுத்தார்கள். அது அந்தச் சங்கத்தின் குலவை மாதிரி. சகோதரியைக் கண்டால் எழுப்பும் ஓசை. பெரிய நாளேடு ஒன்றின் செய்தியாளர், பெண்கள் கீச்சிடுகிறார்கள் என்று எழுதி விட்டார். கண்டனம் குவிந்தது. விஷயம் தெரியாமல் எழுதி விட்டதாக மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

2020 ஆகஸ்டில் உபஜனாதிபதி வேட்பாளராகப் பேசிய மேடையில் கமலா, தம் குடும்பம் என்று சொன்னபோது 'சித்திகள்' என்ற தமிழ்ச் சொல்லையும் சொன்னார், ஆல்பா கப்பா ஆல்பாவையும் 'தெய்வீக ஒன்பதை'யும் சொன்னார். சித்தி என்றால் யார் என்று அமெரிக்கர்கள் தேடிப் பார்த்தார்கள். தெய்வீக ஒன்பது என்றால் என்ன என்று தேடியவர்களும் நிறைய உண்டு. அவர்கள் பக்கத்துத் தெருவிலேயே நூறு வருஷமாக இருந்து வரும் சங்கங்கள் அவை! 2021 ஜனவரி 20-ல் பதவி ஏற்ற அன்று அவர் கழுத்தில் முத்து மாலை. காரணம் தெரிந்த பெண்கள் அன்று ஊர்தோறும் முத்து மாலை அணிந்தார்கள்.

எழுத்தை மட்டுமின்றி ஆட்டத்தையும் பற்றி ஒரு தகராறு வந்ததுண்டு. கையாலும் காலாலும் தாளம் தட்டி வரிசையாக ஆடும் 'ஸ்டெப்' நடனம் கறுப்பினச் சங்கங்கள் வளர்த்த கலை. 2010 பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த போட்டியில், பெண்கள் பிரிவில் ஒரு லட்சம் டாலர் முதல் பரிசை ஒரு வெள்ளைக்கார மாணவிகள் சங்கம் தட்டிக் கொண்டு போனது. நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் எங்கள் சொத்தை எங்கள் மேடையிலேயே பறித்துக் கொண்டார்களே என்று ஒரு சாராரும், ஆட்டம் தெரிந்தவருக்குப் பரிசு, நிறத்துக்கா என்று மறு சாராரும் வரிந்து கட்டினார்கள். சில நாட்களில் போட்டியை நடத்திய கம்பெனி, மார்க் கணக்கில் பிசகு என்று சொல்லி, இரண்டாவதாக வந்த ஆல்பா கப்பா ஆல்பா மாணவிகளுக்கும் அதே முதல் பரிசைக் கொடுத்தது. பிசகு கணக்கிலா, கம்பெனியின் தைரியத்திலா என்று இன்றும் கேலி பேசுகிறவர்கள் உண்டு.

பள்ளிக்கூட வாசலில்

இப்போது அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் வருவோம். அவள் ஏன் அந்தச் சட்டையைப் போட்டுக் கொண்டாள்? அம்மா அலமாரியிலிருந்து எடுத்திருக்கலாம். பழைய துணிக் கடையில் ஒரு டாலருக்கு வாங்கியிருக்கலாம். இறந்து போன பாட்டியின் சட்டையாகக்கூட இருக்கலாம். மூன்றும் ஒன்றாகுமா?

பள்ளிக்கூடத்தில் பொதுவாக நடப்பது இரண்டில் ஒன்று. விஷயம் தெரியாத ஆசிரியர் அதை ஏதோ விளையாட்டுக் குழுச் சட்டை என்று விட்டு விடுவார். அல்லது அதைவிட மோசமாக, ரவுடிக் கும்பலின் சின்னம் என்று நினைத்து விடுவார். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அத்தகைய சின்னங்களுக்குத் தடை உண்டு. டெல்டா பெண்கள் இரு கைகளையும் சேர்த்து முக்கோணம் காட்டுவார்கள். ஆல்பா கப்பா ஆல்பா பெண்கள் சுண்டு விரலை உயர்த்துவார்கள். அம்மாவைப் பார்த்து மகள் அதைப் படம் பிடிக்கும்போது காட்டினால், தெரியாதவர் கண்ணுக்கு அதுவும் ரவுடிச் சைகையாகத் தெரியக் கூடும். மருந்துப் பெட்டியோடு பருத்திக் காட்டுக்குப் போனவர்களின் அடையாளத்துக்கு இந்தக் கதி!

ஆசிரியர்களுக்கு ஏன் தெரிவதில்லை என்று கேட்டால் அதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1954-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், பள்ளிகளில் நிற வேற்றுமை கூடாது என்று தீர்ப்பளித்தது. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளியில் சேர்ந்தார்கள். கறுப்பின ஆசிரியைகளை அந்தப் பள்ளிகள் சேர்த்துக் கொள்ளவில்லை. அடுத்த பத்துப் பதினோரு வருஷங்களில் தென் பிரதேசங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. அவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். 2020-21-ல்கூட அரசாங்கப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 15 பேர் கறுப்பினத்தவர். ஆசிரியர்களில் நூற்றுக்கு 6 பேர்தான். அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏனம்மா, இது யாருடைய சட்டை?" என்று உரிமையோடு கேட்கக் கூடியவர்கள் போய் விட்டார்கள்.

சட்டத்தைக் கேட்டால் அது வேறு பாட்டுப் பாடும். ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே கல்லூரிக்காரர்களைப் பார்த்து ரகசியச் சங்கம் தொடங்கினார்கள். பல மாகாணங்கள் தடை போட்டன. இல்லினாய்ஸ் உயர் நீதிமன்றம் 1908-லும், கலிபோர்னியா கோர்ட் ஒன்று 1912-லும் தடை செல்லும் என்று தீர்ப்புக் கூறின. பிறகு காற்று மாறியது. வியத்நாம் யுத்தத்தைக் கண்டித்து 1965-ல் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த மாணவர்களைப் பள்ளி வெளியேற்றிய வழக்கில், படிப்புக்குப் பெரிய இடைஞ்சல் இல்லாத வரையில் மாணவருக்கும் கருத்துரிமை உண்டு என்று 1969-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆகவே மூன்று எழுத்துச் சட்டைக்காக ஒரு பெண்ணைத் தண்டிப்பது சுலபமல்ல. இது மரியாதையைச் சேர்ந்த விஷயம். மரியாதைக்குக் கோர்ட் கிடையாது.

சங்கத்துப் பெண்களுக்குள்ளேயே இதில் ஏக அபிப்பிராயம் இல்லை. "குழந்தைக்கு என்ன தெரியும், சொல்லிக் கொடுத்தால் போகிறது" என்பவர்கள் ஒரு சாரார். "தெரியாதென்றால் அம்மா எதற்கு இருக்கிறாள்?" என்பவர்கள் மறு சாரார். மகளே ஆனாலும் அம்மாவின் எழுத்தை அணியக் கூடாது என்பதில் பெரும்பாலோர் கறார். அம்மா அங்கத்தினர் என்பதால் மகளுக்குத் தானாக இடம் கிடைத்து விடாது. அவளும் கல்லூரி சேர்ந்து, மார்க் வாங்கி, மனுப் போட்டுத்தான் வர வேண்டும்.

எல்லார் முன்னிலையிலும் ஒரு பெண்ணை நிறுத்தி, "கழற்று" என்று சொல்கிறவர் சங்கத்தின் கௌரவத்தைக் காப்பதாக நினைக்கலாம்; அந்தப் பெண் அந்தச் சங்கத்தின் பேரையே பிறகு வெறுப்பாள். தனியே அழைத்து, ஹோவர்டு மாணவிகளின் கதையைப் பத்து நிமிஷம் சொல்லி, மேலே போட்டுக் கொள்ள ஒரு ஸ்வெட்டர் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்வது யார் என்பதும் முக்கியம். வெள்ளைக்கார ஆசிரியை தானே நியாயம் சொல்லப் புறப்படுவதைவிட, பள்ளியில் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் இருந்தால் அவரிடம் விடுவது புத்திசாலித்தனம். சமையற்கூடத்திலோ ஆபீஸிலோ அப்படி ஒருவர் இருக்கக் கூடும், கேட்டால்தான் தெரியும். பாட்டியின் சட்டை என்றால், அந்த அம்மாளே அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பாட்டியைப் பற்றிக் கேட்பார்.

பெண்களும் காத்திருக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். கல்லூரி நாளில் பணமில்லாமலோ, அந்தக் கல்லூரியில் கிளை இல்லாமலோ வாய்ப்பை விட்டவர்களைப் பட்டதாரிக் கிளைகள் பின்னால் சேர்த்துக் கொள்கின்றன. பிள்ளை பெற்று, வேலை பார்த்து, நாற்பது ஐம்பது வயதில் பிரமாணம் எடுத்துக் கொண்டு, முதல் முறையாக அந்தச் சட்டைக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் உண்டு. அளவு சரியாக இருக்க வேண்டுமே என்பதுதான் அவர்களுக்குக் கவலை.